அப்பவே கொடுத்திருந்தா?

"அக்காவுக்கும் அப்பவே இந்த மருந்தைக் கொடுத்திருந்தா, அவளும் இப்படி ஓடியிருப்பாளா மேடம்?"

தம்பி பாய்களைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தான். அக்கா பேரலல் பாரைப் பிடித்து நின்றிருந்தாள். பிசியோதெரபிஸ்டான என் கை அவள் இடுப்பில் இருந்தது. கேட்டவர் அவர்களுடைய அம்மா. நான் சொன்ன பதில் இதுதான்: "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா. ஒவ்வொரு குழந்தையும் வேற வேற." அவர் தலையாட்டினார். அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலா என்பதில்தான் இன்னும் மனம் அடங்கவில்லை.

அந்தச் சிறுமி எங்களிடம் வந்தபோது ஃபைலில் செரிப்ரல் பால்சி (மூளைச் சேதத்தால் வரும் இயக்கக் குறைபாடு) என்று எழுதியிருந்தது. முதல் நாள் அம்மாவிடம் விவரம் கேட்கும்போதே அது பொருந்தவில்லை. ஒன்றேகால் வயதில் நடந்தாள், இரண்டு வயதில் சின்னச் சின்ன வாக்கியம் பேசினாள், மூன்றை நெருங்கும்போது விழ ஆரம்பித்தாள் என்றார். அப்புறம் கை நடுக்கம். அப்புறம் பேச்சு ஒவ்வொரு சொல்லாகக் குறைந்தது. அப்புறம் வலிப்பு. செரிப்ரல் பால்சியில் மூளைக்கு நேர்ந்த சேதம் ஒரு முறை நேர்ந்தது. குழந்தை தாமதமாகக் கற்கும், சிரமப்பட்டுக் கற்கும், ஆனால் கற்றதை இப்படி வரிசையாக இழக்காது. "பெற்ற திறன்களை இழந்து வருகிறாள்" என்று மதிப்பீட்டில் எழுதி நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். என் பங்கு அவ்வளவுதான். கண்டுபிடித்தது அவர்.

எம்.ஆர்.ஐ.யில் மூளையின் வெள்ளைப்பகுதி வயதுக்கேற்ப உருவாகவில்லை. ரத்தத்தில் ஃபோலேட் என்ற பி வைட்டமின் சரி, பி12 சரி. அதற்குப் பிறகும் அவர் முதுகுத்தண்டில் ஊசி போட்டுத் திரவம் எடுக்கச் சொன்னார். ரத்தத்தில்தான் எல்லாம் நன்றாக இருக்கிறதே, பிள்ளையை ஏன் மேலும் வதைக்க வேண்டும் என்று அந்தத் தாய் என்னிடம் அழுதார். எனக்கும் அப்போது புரியவில்லை என்பதால் மருத்துவரிடமே போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

ஃபோலேட் ரத்தத்திலிருந்து மூளைக்குத் தானாக ஊறிப் போவதில்லை. மூளையின் அறைகளுக்குள் கோராய்டு பிளெக்ஸஸ் என்ற ஒரு திசு இருக்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த திரவத்தைச் சுரப்பது அதுதான். அதன் செல்களில் இருக்கும் ஃபோலேட் ஏற்பி ஆல்ஃபா என்ற புரதம், ரத்தத்தில் ஓடும் ஃபோலேட் வடிவமான 5-மெத்தில் டெட்ராஹைட்ரோஃபோலேட்டைப் பிடித்து அந்தத் திரவத்துக்குள் கொண்டு சேர்க்கிறது. ரத்தத்தில் இருப்பதைவிட அங்கே சில மடங்கு அதிகமாகவே அது இருக்க வேண்டும். ஏற்பி வேலை செய்யவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை எத்தனை முறை எடுத்தாலும் நார்மல் என்றே வரும். கிணறு நிறையத் தண்ணீர், இறைக்க வாளி இல்லை. நரம்புக்கு உறையாக அமையும் மயலின் உருவாகவும் நரம்புகள் தகவல் கடத்தவும் ஃபோலேட் வேண்டும். அது கிடைக்காத மூளை, கட்டிய இடத்திலேயே நின்றுவிடுகிறது, பிறகு பின்வாங்குகிறது.

மூளை ஃபோலேட் குறைபாடு என்று இதை ஆய்வாளர்கள் ராமேக்கர்ஸும் ப்ளாவும் விவரித்து எழுதியது 2004-ல்தான். சில குழந்தைகளின் உடலே இந்த ஏற்பிக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கி அதை அடைத்துவிடுகிறது என்று 2005-ல் தெரியவந்தது. அந்த வகையில் பாலை நிறுத்தினால் ஆன்டிபாடி குறைவதையும் பிறகு கண்டார்கள். பசும்பாலிலும் அதே மாதிரி ஏற்பிப் புரதம் இருக்கிறது. ஏற்பியை உருவாக்கும் எஃப்.ஓ.எல்.ஆர்.1 மரபணுவே பழுதாக இருக்கும் வகையை 2009-ல் ஸ்டைன்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் விவரித்தார்கள். எங்கள் பெண்ணுக்கு இருந்தது அது. அவளுடைய திரவத்தில் ஃபோலேட் கிட்டத்தட்ட இல்லை.

அந்த ரிசல்ட் வந்த வாரம் அந்தத் தாய் என்னிடம் கேட்டது வேறொரு கேள்வி. "நான் மாசமா இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மாத்திரை நடுவுல நிறுத்திட்டேன். அதனாலயா?" அதற்கு நான் யோசிக்கவே இல்லை. இல்லை என்று சொன்னேன், மூன்று முறை சொன்னேன். இது ஊட்டக் குறைவு இல்லை, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக வந்ததால் வந்தது, நீங்கள் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டிருந்தாலும் இதுவேதான் என்றேன். அவர் முகம் தெளிந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் அடுத்த கேள்வியையும் மருத்துவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார் என்று நினைக்கிறேன். ஒருமுறை நேராகப் பதில் சொன்னவரிடம்தானே மறுபடியும் கேட்போம்?

சிகிச்சை ஃபோலிக் ஆசிட் இல்லை, ஃபோலினிக் ஆசிட். இரண்டையும் ஒன்றென்று நினைக்கக் கூடாது. ஃபோலிக் ஆசிட் அந்த ஏற்பியை இறுகப் பற்றிக்கொள்ளும். உள்ளே போகவேண்டிய மெத்தில் ஃபோலேட்டுக்கு இருக்கும் கொஞ்ச இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்ளலாம். ஃபோலினிக் ஆசிட்டை அதிக அளவில் கொடுத்தால் வேறொரு கடத்தி வழியாக மூளைக்குள் போய்ச் சேரும். 2025 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்தைப் பற்றி அறிவித்ததிலிருந்து, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் என்னிடம்கூட இதைக் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, இது மருத்துவர் பரிசோதித்து முடிவுசெய்ய வேண்டியது, பெயர் கேள்விப்பட்டுத் தொடங்க வேண்டியது இல்லை என்பதுதான். ஆனால் எங்கள் பெண்ணுக்கு அது மருந்தேதான். வலிப்பு அடங்கியது. நடுக்கம் குறைந்தது. பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பிடித்துக்கொண்டு சில அடிகள் வைக்கிறாள், அம்மாவைக் கூப்பிடுகிறாள். மருந்து தொடங்கியபோது அவளுக்கு ஆறு வயது ஆகியிருந்தது.

தம்பி அப்போது கைக்குழந்தை. பெற்றோர் இருவரிடமும் ஒரு பழுதான பிரதி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால் அவனையும் சோதித்தார்கள். அவனுக்கும் இருந்தது. இந்த நோயில் முதல் ஒன்றிரண்டு வருடம் பெரும்பாலும் அறிகுறி தெரியாது. அந்த இடைவெளியிலேயே மருந்து தொடங்கினார்கள். அவன் நடந்தான், ஓடினான். அக்கா விழத் தொடங்கிய வயதைத் தாண்டி இப்போது குதிக்கிறான். அதை ஒவ்வொரு முறையும் அந்த அம்மா என் அறையில் உட்கார்ந்து பார்க்கிறார்.

இப்படி இருக்கும்போது "சொல்ல முடியாது" என்று நான் சொன்னது எப்படி?

எனக்கு நானே சொல்லிக்கொள்வது இது. ஒரே வீட்டில், ஒரே மரபணுப் பழுதோடு பிறந்தவர்களிலும் நோய் ஒரே மாதிரி போவதில்லை. தம்பி இன்னும் வளர்ந்து முடிக்கவில்லை. தவிர, நான் பிசியோதெரபிஸ்ட். நோயின் போக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. முக்கியமாக, ஆமாம் என்று சொன்னால் அந்தத் தாய் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? முதல் இரண்டு வருடம் எந்த டாக்டரிடம் போனோம், எந்த வாரம் தள்ளிப்போட்டோம் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். தினமும் அந்தப் பெண்ணைத் தூக்கி உட்கார வைத்து, காலில் ஸ்பிளின்ட் மாட்டி, பயிற்சி கொடுப்பது அவர். அவர் உடைந்தால் எல்லாம் நின்றுவிடும்.

இதெல்லாம் சரியான காரணங்கள். இருந்தும் அவற்றுக்கு எதிரே ஒரு சின்ன விஷயம் நின்றுகொண்டே இருக்கிறது: அவருக்குப் பதில் ஏற்கெனவே தெரியும். அது அவர் கண் முன்னால் குதித்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அவர் என்னிடம் தகவல் கேட்கவில்லை. ஒருவேளை, தனக்குத் தெரிந்ததை இன்னொருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கலாம். அப்படியானால் என் பதில் அவரை அந்த நினைப்போடு தனியாக விட்டது. அப்படி இல்லாமல், இல்லை என்ற சொல்லைக் கேட்கத்தான் கேட்டார் என்றால் நான் சொன்னது அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். எது என்று அந்த முகத்தை நினைத்து நினைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

நரம்பியல் மருத்துவரிடம் இதைச் சொன்னேன். "என்கிட்ட கேட்டிருந்தா, வாய்ப்பு அதிகம்தான்னு சொல்லியிருப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா என்கிட்ட அவங்க கேட்கலையே" என்றார். இப்படிப்பட்ட கேள்வி வந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போய் உட்கார வைப்பதே முறை என்று அன்று முடிவு செய்தேன். நல்ல முடிவுதான். அதற்குப் பிறகும் வேறு தாய்மார்கள் பாயில் உட்கார்ந்து கேட்டபோது, அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். எழுந்து வாங்க, டாக்டரைப் பார்ப்போம் என்று சொல்ல நா எழவில்லை.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது, அதிலும் எனக்கு முழு நிம்மதி இல்லை. கற்றதை இழக்கும் குழந்தை யார் வந்தாலும், திறன் இழப்பை முதல் வரியிலேயே எழுதி, திரவப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் நேரிலும் கேட்டுவிடுகிறேன். சமீபத்தில் ஒரு சிறுவனுக்கு அப்படிக் கேட்டேன். அவரும் யோசித்து, சரி, பார்த்துவிடலாம் என்றார். ஊசி போட்டதற்கு மறுநாள் முழுக்கத் தலைவலியும் வாந்தியுமாகக் கிடந்தான். ஃபோலேட் நார்மல். அவனுடைய அப்பா என்னிடம் வந்து, "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டார். பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் விளக்கினேன். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை, அது சொல்லக்கூடாதது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறையும் கேட்பேன்.