ஆரஞ்சு போன பின் வருகிற கிராம்பு

திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலுக்கு அருகில் உள்ள ஓர் அத்தர் கடையில் சென்ற மாதம் 6 மில்லி வாசனை எண்ணெய் ஒன்று வாங்கினேன். ஆரஞ்சுத் தோல், பீச் பழம், கிராம்பு, பட்டை, அடியில் சந்தனமும் வெனிலாவும் கலந்தது என்று கடைக்காரர் சொல்லிவிட்டு, கண்ணாடிக் குச்சியால் என் மணிக்கட்டில் மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். ஆரஞ்சை நகத்தால் கீறும்போது கண்ணருகே தெறிக்குமே, அந்த வாசனை அப்படியே எழுந்தது. அதில் மயங்கித்தான் வாங்கினேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்த ஆரஞ்சு போய்விட்டது.

கலப்படமோ என்று முதலில் சந்தேகப்பட்டேன், அது தவறு. ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன் என்ற பொருள். அதன் மூலக்கூறு எடை 136. கிராம்புக்கு அதன் வாசனையைத் தருகிற யூஜினாலுக்கு 164, சந்தனத்தின் சாண்டலாலுக்கு 220. ஏறக்குறைய 33 டிகிரி சூடுள்ள தோலின் மேல் இலேசானது முதலில் ஆவியாகிப் போகிறது, கனமானது தங்கிவிடுகிறது. தெளிப்பு வகை சென்ட்டில் ஆல்கஹால் சில நொடிகளில் பறந்து மேல்வாசனையை அறை முழுவதும் பரப்பிவிடும். எண்ணெயில் அந்த வேகம் இல்லை. எல்லாம் தோலுக்கு மிக அருகிலேயே, அடங்கிய குரலில் நடக்கிறது.

அடுத்த ஞாயிறன்று காலை 8 மணிக்கு, குளித்துத் துவட்டிய கையில் ஒரே ஒரு சொட்டு இட்டு நாள் முழுதும் கவனித்தேன். பத்து நிமிடத்தில் ஆரஞ்சின் அடியிலிருந்து கிராம்பு தலைகாட்டியது. பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைக்கும் கிராம்புத் தைலத்தின் அதே காரம். அரை மணி நேரத்தில் பட்டையும் சேர்ந்துகொள்ள, புளிப்பு முற்றிலும் நீங்கி, பழம் என்பது உலர்திராட்சைபோல் இருண்டு இனித்தது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். இது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது.

பழ வாசனை எல்லாமே முதலில் ஓடிவிடும் என்று நினைத்திருந்தேன். நண்பகலுக்குப் பிறகும் பீச் இருந்தது, அதுவும் பழச்சாறாக அல்ல, பழத்தின் மெல்லிய ரோமத்தோலாக. இதற்குக் காரணம் காமா அண்டெக்கலாக்டோன் என்ற கனமான பொருள். 1919இல் பிரான்சின் கெர்லான் நிறுவனம் வெளியிட்ட மிட்சூகோ என்ற சென்ட்டின் பீச் வாசனைக்கு அடிப்படையும் இதுவே. வாசனைத் தொழிலில் இதற்கு ஆல்டிஹைடு சி-14 என்று பெயர். உண்மையில் இது ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்ததே அல்ல. ஆகவே ‘பழ வாசனை’ என்று பொதுவாகச் சொல்வதை நான் இப்போது நம்புவதில்லை; எந்தப் பழம் என்று கேட்காமல் ஓர் எண்ணெயின் ஆயுளைச் சொல்ல முடியாது.

அதே சொட்டை அக்காவின் கையிலும் வைத்துப் பார்த்தோம். அவளுக்கு வறண்ட தோல். கிராம்புகூட ஒரு மணி நேரத்தில் மங்கியது. மறுநாள் தேங்காயெண்ணெயை மிக இலேசாகத் தடவி அதன்மேல் இட்டபோது மதியம் வரை நின்றது. மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்கும் பழக்கத்தையும் அவள் விட்டுவிட்டாள், ஏனென்றால் தேய்ப்பதால் உண்டாகும் சூட்டில் ஆரஞ்சு இன்னும் சீக்கிரம் போய்விடுகிறது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பட்டையின் சின்னமால்டிஹைடும் கிராம்பின் யூஜினாலும் சிலருக்கு ஒவ்வாமை தரும். முழங்கை மடிப்பில் சற்று அதிகமாகத் தடவியபோது எனக்கே சிவந்து அரித்தது. முதலில் ஒரு சொட்டை மட்டும் இட்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கழுத்தில் தடவுவது அதற்குப் பிறகு.

இரவு 10 மணிக்குத் தோலில் மிஞ்சியது சந்தனமும் வெனிலாவும் மட்டுமே, அதுவும் மூக்கை ஒட்டி வைத்தால்தான் தெரிந்தது. ஆனால் அன்று உடுத்தியிருந்த பருத்திச் சட்டையின் கைமடிப்பில் மறுநாள் காலையிலும் கிராம்பு இருந்தது, அதன் பின்னால் அந்தப் பீச்சின் தோலும்.