ஜெட்டை ஜிஸ்பாவில் மாற்றுங்கள், மணாலியில் வேண்டாம்

கார்புரேட்டர் வைத்த பைக்கோடு மணாலியில் ஒரு பட்டறைக்குப் போய் "லே போகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். "ஏர் ஃபில்டர் நிகால் தோ, பாய்" என்பதுதான் பதில். கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு 500 ரூபாய். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை, அதனால் பயணக் கட்டுரையை இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். பாதை, தங்குமிடம், செலவு எல்லாம் வரிசைப்படி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஃபில்டரைக் கழற்றினால் காற்று தாராளமாக நுழையும், வண்டியும் அந்த நிமிடத்தில் கொஞ்சம் உறுமும். மறுநாள் வழியில் தார் இல்லாத இடத்தில் முன்னால் போகும் லாரி கிளப்புகிற மாவு போன்ற புழுதி நேராக சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் கீறிப்போன பிறகு, சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோருக்கு ஆகும் செலவில் சென்னையிலிருந்து வண்டியை ரயில் பார்சலில் இன்னொரு முறை கொண்டுவந்துவிடலாம். 500 ரூபாயில் கால்வாசி போதும், சரியான ஜெட் ஒன்று, அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் திருகு, கிடைத்துவிடும்.

மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. கார்புரேட்டர் உறிஞ்சும் காற்றின் எடையும் குறையும், ஆனால் ஜெட் துளை அதே துளைதான். பெட்ரோல் அதே விகிதத்தில் குறையாததால் கலவை ரிச் ஆகிவிடும். மணாலி 2,050 மீட்டர். அங்கே அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 82 சதவீதம். 3,500 மீட்டரில் உள்ள லேயில் 70. 5,328 மீட்டரில் உள்ள தங்லங் லாவில் சுமார் 58. கலவை ரிச் ஆவது இந்த விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. 58 சதவீதத்துக்கு வர்க்கமூலம் 0.76. அதாவது கடல் மட்டத்துக்கு ட்யூன் செய்த வண்டி அந்தக் கணவாயில் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் குடித்துக் கரியாகத் துப்பும்.

ஜெட்டை மாற்றினால் பழைய இழுவை திரும்ப வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காற்று இல்லாமல் போன சக்தி போனதுதான். இஞ்ஜெக்‌ஷன் வண்டிகளும் அங்கே மூச்சு வாங்குகின்றன. ஜெட் மாற்றினால் திரும்பக் கிடைப்பது ரிச் கலவை தின்ற பங்கு மட்டும். ஆனால் அந்தப் பங்குதான் பணம்.

சந்திரா, பாகா ஆறுகள் கூடும் தாண்டி என்ற ஊரில் அந்தப் புகழ்பெற்ற பலகை நிற்கிறது: அடுத்த பெட்ரோல் பங்க் 365 கி.மீ. பழைய புல்லட்டின் டேங்கில் ஏறக்குறைய 14 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 33 கி.மீ. கொடுத்தால் 11 லிட்டரில் கதை முடிந்தது, கேன் வேண்டாம். ரிச்சாக ஓடி 24-க்கு இறங்கினால் 15 லிட்டருக்கு மேல் வேண்டும். அப்போது கேன், அதைக் கட்டக் கயிறு, அதுவும் தீர்ந்தால் தாபாக்காரர் பாட்டிலில் விற்கும் பெட்ரோல். அவர் சொல்லும் விலைக்கு நம்மிடம் பதில் இருக்காது.

மணாலியில் ஏன் மாற்றக் கூடாது? கணக்குக்கு எளிதாக மெயின் ஜெட் எண் 100 என்று வைத்துக்கொள்வோம். எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும் ஜெட்டாக இருந்தால், 100 என்பது 1 மில்லிமீட்டர். 4,000 மீட்டருக்குத் தேவைப்படுவது சுமார் 90. தங்லங் லா உச்சிக்கு என்றே பார்த்தால் 87. 90-ஐ மணாலியிலேயே போட்டால் கலவை 10 சதவீதம் லீன், அதாவது பெட்ரோல் குறைவு. சுமையோடு ஏறும் ஏர் கூல்டு இஞ்சின் சூடேறி, ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சரில் வெடிக்கும். அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்த பிறகு ரோத்தங் கணவாய் ஏற வேண்டிய அவசியமும் இல்லை. 9 கி.மீ. சுரங்கத்தின் இரு வாயும் 3,100 மீட்டருக்குள்தான். கேலாங், ஜிஸ்பா வரை உயரம் பெரிதாக ஏறாது. அதுவரை ஐடிலிங்கில் காற்றை அளக்கும் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே திறந்தாலே போதும். உண்மையான ஏற்றம் தார்ச்சாவைத் தாண்டித்தான்.

ஆகவே ஜிஸ்பா. பாகா ஆற்றங்கரை, 3,200 மீட்டர், மதியமே போய்ச் சேர்ந்துவிடலாம், வெளிச்சம் இருக்கும்போதே வேலை முடிந்துவிடும். அங்கே ஒரு தாபாவில் ராஜ்மா சாவல் சாப்பிட்டேன். பயணத்தின் மிகச் சிறந்த சாப்பாடு அதுதான், சந்தேகமே இல்லை. ராஜ்மா குழைய வெந்து, மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் பச்சை வெங்காயமும் காரமான சட்னியும். கேட்காமலே இரண்டாம் முறை சோறு போட்டார்கள், அதற்குத் தனிக் காசும் வாங்கவில்லை. மேலே சர்ச்சு என்ற இடத்தில் ஒரு கூடாரத்துக்குக் கேட்கும் தொகையில் இங்கே இரண்டு பேர் தங்கிச் சாப்பிடலாம். சர்ச்சுவே வேண்டாம் என்பது என் கட்சி. 4,290 மீட்டரில் முதல் இரவு தங்கினால் தலைவலியும் வாந்தியும்தான், பணம் கொடுத்து வாங்குவது போல.

சரி, ஜெட். பழைய 350 புல்லட்டில் இருப்பது விஎம்24 கார்புரேட்டர். வண்டி முழுதாக ஆறட்டும். கீழே வெளிர் நிறத் துணி ஒன்றை விரியுங்கள். கூழாங்கல் தரையில் விழுந்த பித்தளை ஜெட்டைத் தேடி எடுப்பது நடக்காத காரியம். பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை ஒரு பாட்டிலில் வடித்துக்கொள்ளுங்கள், அதுவும் காசுதானே. கிளாம்ப்பைத் தளர்த்திக் கார்புரேட்டரைச் சற்றுத் திருப்பினால் கிண்ணத்தின் ஸ்க்ரூக்களுக்குக் கை எட்டும். அளவு பொருந்தாத ஸ்டார் ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் தலை வழுவழுவென்று தேய்ந்துவிடும், அப்புறம் கொறடுதான். நன்றாக அழுத்திப் பிடித்து, சின்ன அசைவில் இளக்குங்கள். கேஸ்கெட் கிழிந்தால் அங்கே மாற்று கிடைக்காது. ஒன்று கூடுதலாக வைத்திருங்கள்.

கிண்ணத்தைக் கழற்றியதும் நடுவில் தெரிவது மெயின் ஜெட். அதைக் கழற்றி அடுத்ததைக் கையால் திருகி, கடைசியில் மெல்ல ஒரு பிடி. பித்தளை மென்மை, பலம் காட்டினால் மரை போய்விடும். பக்கத்தில் ஆழமான குழிக்குள் இருப்பது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட். அதை இப்போது தொட வேண்டாம்.

கிண்ணத்தை மாட்டிய பிறகு மேல் மூடியைத் திறந்து, ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் உருளையான ஸ்லைடை வெளியே இழுத்து, அதில் தொங்கும் ஊசியான நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றுங்கள். கிளிப் மேலே போனால் நீடில் கீழே இறங்கும், நடு ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் குறையும். திரும்பப் போடும்போது ஸ்லைடின் வெட்டுப்பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும், பள்ளம் உள்ளே இருக்கும் முளையில் உட்கார வேண்டும். தவறினால் ஆக்சிலரேட்டர் திறந்தபடியே சிக்கிக்கொள்ளும், மலைப்பாதையில் அது விளையாட்டல்ல.

கடைசியாக ஏர் ஸ்க்ரூ. சூடான இஞ்சினில் கால் சுற்று கால் சுற்றாகத் திறந்து, ஐடிலிங் மிக உயரும் இடத்தில் நிறுத்துங்கள். முழுதாக மூடிய நிலையிலிருந்து இரண்டரைச் சுற்றுக்கு மேல் போயும் ஐடிலிங் தெளியவில்லை என்றால்தான் பைலட்டை ஓர் அளவு குறைக்க வேண்டும், உதாரணமாக 25-லிருந்து 22.5-க்கு.

கார்புரேட்டர் கால கிளாசிக் 350, பல்சர் 220 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அவை சிவி கார்புரேட்டர். வெற்றிடத்தால் ஏறி இறங்கும் ஸ்லைடு உயரத்தைக் கொஞ்சம் சமாளித்துவிடும், அதனால் அவசரம் குறைவு. அவற்றில் ஸ்க்ரூ இஞ்சின் பக்கம் இருந்து பெட்ரோல் கலவையை அளக்கிறது. உள்ளே திருகினால் லீன், விஎம்முக்கு நேர் எதிர். மேல் மூடியைத் திறந்தால் ரப்பர் டயஃப்ரமின் விளிம்பு மடங்காமல் உட்கார்ந்ததா என்று பாருங்கள்.

இன்னொரு பொறி, எண். அறுகோணத் தலை மிக்குனி ஜெட்டின் எண் விட்டம் அல்ல, நிமிடத்துக்கு எத்தனை சிசி பாய்கிறது என்பது. அங்கே 4,000 மீட்டருக்கு 100 என்பது 82 ஆக வேண்டும். எண்ணே குத்தாத ஜெட்டை ஒரு கடையில் "ஒரிஜினல்" என்று நீட்டினார்கள். வேண்டாம் என்றதும் விலை பாதியாகியது! ஜெட்டுக்குள் ஒற்றைச் செம்புக் கம்பி இழையைச் செருகித் துளையைக் குறுக்கும் வித்தையையும் வழியில் பார்த்தேன். ஓடும், ஆனால் இழை நழுவி வெளியே வந்தால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் விடியலிலேயே கிளம்புங்கள். ஜிங்ஜிங்பாருக்குப் பக்கத்து ஓடைகளில் மதியத்துக்கு மேல் பனி உருகித் தண்ணீர் ஏறும். 4,890 மீட்டர் பாரலாச்சா கணவாயைத் தாண்டி ஒரு இடத்தில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப் பொடி நிறம் என்றால் சரி, உலர்ந்த கரி என்றால் இன்னும் ரிச். உச்சியில் கொஞ்சம் கரி இருந்தால் விட்டுவிடுங்கள், ரிச்சால் இஞ்சின் சாகாது.

காட்டா லூப்ஸின் 21 வளைவுகளில்தான் ஜெட் மாற்றாதவர்கள் மாட்டுகிறார்கள். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வண்டி அமுங்குகிறது, அணையாமல் இருக்கக் கிளட்சைப் பாதி பிடித்து ஓட்டுகிறார்கள், கிளட்ச் பிளேட் கருகுகிறது. அப்படி நின்ற ஒரு வண்டியை கேலாங்குக்கு ஏற்றிப்போக பிக்-அப் ஓட்டுநர் 18,000 கேட்டார். பேரம் பேசிப் பேசி 14,000. பகல் கொள்ளை, ஆனால் அந்த இடத்தில் வேறு வண்டியும் கிடையாது.

லேயில் ஒரு சங்கதி: மணாலியில் வாடகைக்கு எடுத்த பைக்கை நூப்ரா, பாங்காங் பக்கம் ஓட்ட உள்ளூர் வாடகைக்காரர்கள் விடுவதில்லை. மீண்டும் ஒரு வாடகை. சொந்த வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. 90 ஜெட் லேக்கு அளந்து வைத்தது போல் உட்கார்ந்தது.

திரும்பும்போது ஸ்ரீநகர் வழி. இந்தப் பாதையின் உச்சி ஃபோட்டு லா, 4,108 மீட்டர். ஜோஜி லா 3,528தான். அதை இறங்கியதும் சோனாமார்க்கில் நிறுத்தி 100-ஐத் திரும்பப் போட்டுவிடுங்கள், கிளிப் பழைய பள்ளத்துக்கு, ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்றுக்கு. "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் ஜம்மு சமவெளி வெயிலில் 90 ஜெட் 20 சதவீதம் லீனாக ஓடும். பிளக் வெள்ளையாகும், பிஸ்டன் சீஸ் ஆகும். டேப்பைத் திறந்ததும் பத்து நிமிடம் காத்திருந்து கிண்ணத்தின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை, ஸ்க்ரூக்களை இளக்கி எதிரெதிர் மூலையாக மறுபடி முடுக்க வேண்டும்.