"மச்சான், நமக்கு ஒரு பிசி போட்டுக் குடு லா"

மலேசியாவில் ஒரு எஸ்டேட் டவுனில் "கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்" என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால், அப்புறம் அவன் ஒட்டுக்கடையில் நிம்மதியாக உட்கார முடியாது. தே தாரிக் நுரை அடங்குவதற்குள் எதிர் நாற்காலி இழுபடும். "மச்சான், நமக்கு ஒரு பிசி போட்டுக் குடு லா. மூவாயிரம் வெள்ளி வச்சிருக்கேன். நல்லதா போடு." உடனே டிஷ்யூ பேப்பரை விரித்து ரைசன் புரொசெசர், ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டு என்று எழுத ஆரம்பிப்பவர்கள்தான் பிறகு ஆறு மாதம் போனை எடுக்காமல் ஒளிந்து திரிகிறார்கள்.

முதலில் அந்த "நல்லதா"வைத் தோண்டிப் பார்க்கவேண்டும். எதுக்கு என்று கேட்டால் "கேம்" என்பான். எந்த கேம் என்றால், கைப்பேசியிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் பெயரைச் சொல்வான். ரொட்டி சானாய் மேஜைக்கு வந்த பிறகுதான் உண்மை வெளியே வரும்: மகளுக்குப் பள்ளி வேலை பிரிண்ட் எடுக்கணும், மச்சினன் கல்யாண வீடியோ வெட்டுவான், அப்பாவுக்கு யூடியூப்பில் பழைய பாட்டு கேட்கணும். இதில் இயந்திரத்தின் இடுப்பை ஒடிக்கப்போவது கேம் இல்லை, மச்சினனுடைய கல்யாண வீடியோ. கேமுக்கு 16 ஜிபி ராம் (வேலை ஓடும்போது பிடித்து வைக்கும் நினைவகம்) போதும். தாலி கட்டுவதை மூன்று கேமராவில் 4கே-யில் எடுத்து வெட்டினால் 32 வேண்டும். ஒரே கேள்வியில் பட்டியல் தலைகீழாகிவிட்டது, பார்த்தீர்களா?

அடுத்து, கடைக்குப் போகாதீர்கள். அவன் வீட்டுக்குப் போங்கள். புரொசெசரில் இருந்து பட்டியல் தொடங்குவதெல்லாம் கோலாலம்பூர்க்காரர்கள் பழக்கம். பத்தாங் பெர்ஜுந்தை மாதிரி ஊரில் (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி வருஷங்கள் ஆகிவிட்டன, நம்மாட்கள் வாயில் இன்னும் பழையதுதான்) பட்டியல் சுவர் பிளக்கில் இருந்து தொடங்கவேண்டும். உலகத்தில் இடி மின்னல் அதிகமாக விழும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று. செம்பனைக் காட்டுக்கு மேலே மதியம் மூன்று மணிக்கு மேகம் கருத்தால் பாட்டி டிவி பிளக்கைப் பிடுங்குவது மூடநம்பிக்கை இல்லை, அதுதான் அந்த வீட்டின் முழு மின் பாதுகாப்பு.

ஹாலில் பிளக்கைக் குனிந்து பாருங்கள். மேல் ஓட்டையில் பேனா மூடி சொருகியிருக்கும். நம் ஊர் சாக்கெட்டில் நீளமான எர்த் முள் உள்ளே போனால்தான் கீழே இரண்டு ஓட்டைகளின் மூடி திறக்கும். இரண்டு முள் சார்ஜரை நுழைக்க யாரோ பேனா மூடியை எர்த்தாக நியமித்திருக்கிறார்கள். அதில் எக்ஸ்டென்ஷன், அந்த எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன், அதன் நுனியில் ஃபிரிட்ஜ். இங்கேதான் மூவாயிரம் வெள்ளிச் சாமான் குடியேறப்போகிறது. சர்ஜ் புரொடெக்டர் (கரண்ட் திடீரென்று எகிறினால் தடுக்கும் பிளக் பெட்டி) வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். எர்த் ஒழுங்காக இல்லாத சுவரில் அது விலை கூடிய எக்ஸ்டென்ஷன், அவ்வளவுதான். வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லும் செலவைப் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள். நண்பன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும். பெரும்பாலும் உருப்படியான பிளக் ஒன்றுதான் மிஞ்சும். அதுவும் அம்மாவின் தையல் மெஷினுக்குப் பின்னால் இருக்கும்.

இன்டர்நெட் லைன் வழியாகவும் மின்னல் வரும். பழைய செம்புக் கம்பி டெலிபோன் லைன் என்றால் நேராக வரும். ஃபைபர் என்றால் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரௌட்டரின் அடாப்டர் சுவரில்தானே இருக்கிறது? அந்த வழியாக ஏறி, லேன் கேபிளில் நடந்து வந்து மதர்போர்டின் (எல்லாச் சாமானும் பூட்டப்படும் பலகை) லேன் போர்ட்டைத் தின்றுவிட்டுப் போகும். வைஃபை உள்ள மதர்போர்டு கொஞ்சம் விலை கூடினாலும் இந்த ஊருக்கு அதுதான் சரி. பின்னால் திருகவேண்டிய இரண்டு ஆன்டெனாவைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு "லைன் வரல மச்சான்" என்று போன் வரும். அதற்கும் தயாராக இருங்கள்.

பவர் சப்ளைக்கு வருவோம். கேசிங் (வெளிப் பெட்டி) வாங்கினால் இலவசம் என்று தவ்கே, அதாவது கடை முதலாளி, ஒன்றை நீட்டுவார். கையில் வாங்கிப் பாருங்கள், காலி பிஸ்கட் டின் கனம்தான் இருக்கும். சில மலிவுப் பெட்டிகளின் முதுகில் 115, 230 என்று குட்டிச் சிவப்பு சுவிட்ச் இருக்கும். பார்சல் குலுங்கியதிலோ குழந்தை நோண்டியதிலோ அது 115 பக்கம் போய்விட்டால், நம் கரண்டில் சொருகிய அந்த நொடியே "டப்". தீபாவளி முன்கூட்டியே வந்துவிடும். பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்கிற முத்திரை) ஒன்று வாங்குங்கள். ரைசன் 5 5600 என்பது 65 வாட் ரகம், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். மீதி எல்லாம் சேர்த்தாலும் முழு வேகத்தில் 300-ஐத் தாண்டாது. 850 வாட் வேண்டும் என்று நண்பன் அடம்பிடித்தால், அந்தக் காசுக்கு வயர்மேன் வருவார் என்று ஞாபகப்படுத்துங்கள்.

யுபிஎஸ் கேட்டால் ஒரு எச்சரிக்கை: அட்டையில் 650 விஏ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வாட் கணக்கில் அது பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கரண்ட் போனால் ஃபைலைச் சேமித்து நிறுத்த நேரம் கொடுக்கும். மச்சினன் வீடியோவை முடிக்கும்வரை தாங்காது. லேசர் பிரிண்டரை அதில் மாட்டவே கூடாது, சூடேறும்போது அது இழுக்கும் கரண்டில் யுபிஎஸ் அலறும்.

புரொசெசரில் எழுத்தைப் பாருங்கள், எண்ணை அல்ல. இன்டெலின் ஐ5-12400எஃப் என்பதில் கடைசியில் நிற்கும் அந்த எஃப், உள்ளே கிராஃபிக்ஸ் (திரையில் படம் காட்டும் பகுதி) கிடையாது என்று அர்த்தம். ரைசன் 5 5600-இலும் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. "இப்போதைக்குக் கார்டு வேணாம், போனஸ் வந்ததும் வாங்கிக்கலாம்" என்கிறவனுக்கு எஃப் வாங்கிக் கொடுத்தால் போனஸ் வரும்வரை கறுப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். பழைய பி450 போர்டு மலிவாகக் கிடைக்கிறது என்று 5600-ஐ வைத்தால், பயாஸ் (போர்டை எழுப்பும் ஆரம்ப மென்பொருள்) புதுப்பிக்காதவரை அது விழிக்காது. பி550 எடுத்துவிட்டால் இந்தத் தலைவலி குறைவு.

ராம் 2025 கடைசியில் இருந்து தங்கம் மாதிரி ஏறிவிட்டது. சேட்டு கடையில் அடகு வாங்குவார்களா என்று கேட்காத குறைதான். அதனால் ஒரே குச்சி வாங்கி "அப்புறம் இன்னொன்று" என்று சொல்லத் தோன்றும். முடிந்தால் ஆரம்பத்திலேயே இரண்டாக வாங்குங்கள், இரட்டைப் பாதையில் ஓடும். நாலு இடம் உள்ள போர்டில், புரொசெசரில் இருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். பக்கத்தில் பக்கத்தில் ஜோடியாக உட்காரவைப்பது கல்யாண மேடைக்குத்தான் சரி. பயாஸில் எக்ஸ்எம்பி என்கிற ராம் வேக அமைப்பை இயக்காவிட்டால், 3200 வேகத்துக்குக் காசு கொடுத்த குச்சி சத்தமில்லாமல் 2133-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கும். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ, போர்டிலேயே பூட்டும் ரகம். அதைப் பிடிக்கிற ஒரே ஒரு எள்ளளவு ஸ்க்ரூ கீழே விழுந்தால் போச்சு. துடைப்பத்தோடு பாட்டி வந்தால்தான் கிடைக்கும்.

கேசிங்தான் சண்டை. அவனுக்கு முன்பக்கம் கண்ணாடி வேண்டும், ஏழு வண்ணத்தில் விளக்கு ஓடவேண்டும், கோயில் திருவிழா மாதிரி. உங்களுக்கு முன்பக்கம் வலை வேண்டும், ஏனென்றால் வாசலில் செம்மண் ரோட்டில் செம்பனைப் பழக்குலை லோரி போகிறது. வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் இரண்டு விசிறி இழுக்க, பின்னால் ஒன்று தள்ள. இழுப்பது கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி நுழைவது குறையும். பின்னால் காலி ஸ்லாட்டுகளின் தகட்டை மூடியே வையுங்கள். அந்தக் கதகதப்பு பல்லிக்கு ரொம்பப் பிடிக்கும். போர்டில் பல்லி எச்சம் பட்டு ஷார்ட் ஆனால் வாரண்டி கேட்டுப் போகமுடியாது. சண்டையை முடிக்க வழி: முன்பக்கம் வலை, பக்கவாட்டில் கண்ணாடி, விளக்கு மூன்று விசிறியோடு சரி.

சனிக்கிழமை கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா போய் வாங்கி வருகிறீர்கள் என்று வையுங்கள். கடையிலேயே போர்டு பெட்டியைத் திறந்து, இன்டெல் என்றால் சாக்கெட் முட்களையும், ஏஎம்4 (ரைசன் 5 5600 உட்காரும் சாக்கெட்) என்றால் புரொசெசரின் கால்களையும் போன் வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டுக்கு வந்து வளைந்த காலைக் காட்டினால் "நீங்க வளைச்சது" என்பார்கள்.

ஞாயிறு காலை பூட்டுவதற்குள் அம்மா சாம்பிராணி போட்டு, கேசிங்குக்கு விபூதிப் பட்டையும் நடுவில் குங்குமமும் வைத்திருப்பார். நல்லது, வலையில் படாமல் வைக்கச் சொல்லுங்கள். புரொசெசர் மேல் உட்காரும் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? உரிக்காமல் மாட்டுபவர்கள் எண்ணிக்கை உங்களுக்குத் தெரிந்தால் பயப்படுவீர்கள். பவர் சப்ளையில் எட்டு முள் கேபிள் இரண்டு வகை: சிபியு என்று எழுதியது போர்டின் மேல் மூலைக்கு, பிசிஐ-இ என்று எழுதியது கார்டுக்கு. மாறாது, மாற்றத் திணிக்கவும் கூடாது.

நல்ல நேரம் பார்த்து, எலுமிச்சம்பழம் சுற்றி, சுவிட்சைத் தட்டினால் விசிறி சுற்றும், விளக்கு ஓடும், திரையில் மட்டும் "சிக்னல் இல்லை". எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். பதறாமல் பின்னால் போய், எச்டிஎம்ஐ வயரை மதர்போர்டில் இருந்து பிடுங்கிக் கீழே இருக்கும் கார்டில் சொருகுங்கள். படம் வந்துவிடும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் 60-இலேயே நிற்கும், அதையும் மாற்றிவிட்டு எழுந்திருங்கள்.

அப்போதுதான் அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் வரும்: "தம்பி, திங்கக்கிழமை தலைமாஸ்டர் சம்சாரத்துக்கு பிளவுஸ் தைச்சுக் குடுக்கணும். மெஷின் மேல இருக்கிற இதை எங்கே எடுத்து வைக்கிறது?"

பட்டியலைப் புரட்டிப் பார்த்தால் எர்த் இருக்கிறது, எக்ஸ்எம்பி இருக்கிறது, பல்லிகூட இருக்கிறது. மேஜை இல்லை.