ரத்த அழுத்தமும் மூளை ஏற்பிகளும்: படம் போட்டுப் படித்த அனுபவம்

உடலியங்கியலில், மூளை ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியை ஏற்பிகளின் (வேதிச் செய்தியைப் பெறும் புரதங்களின்) பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வு அறைக்குள் நுழைவதற்குள் பாதி கலந்துவிடும். அழுத்தம் ஏறியதும் செய்தி எந்த வழியாகப் போகிறது என்று வெள்ளைத்தாளில் அம்புக்குறி போட்டுப் படித்தேன். அப்படித்தான் மனதில் நின்றது.

கரோட்டிட் தமனி பிரியும் இடத்திலும் பெருந்தமனி வளைவிலும் ரத்தக்குழாய்ச் சுவர் இழுபடுவதை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை 9ஆம், 10ஆம் கபால நரம்புகள் வழியாக முகுளத்தில் (மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி) உள்ள என்.டி.எஸ். (nucleus tractus solitarius) பகுதிக்குச் செய்தி அனுப்பும். அங்கே வெளிப்படுவது குளூட்டமேட் என்ற, நியூரானைத் தூண்டும் வேதிப்பொருள். என்.டி.எஸ். அடுத்து முகுளத்திலேயே உள்ள சி.வி.எல்.எம். (caudal ventrolateral medulla) பகுதியைத் தூண்டும், அதுவும் குளூட்டமேட்டால்தான். இனிமேல்தான் விஷயம் தலைகீழாகிறது: சி.வி.எல்.எம். வெளியிடுவது காபா என்ற, நியூரானை அடக்கும் வேதிப்பொருள். அது முகுளத்தின் இன்னொரு பகுதியான ஆர்.வி.எல்.எம். (rostral ventrolateral medulla) நியூரான்களின் காபா ஏற்பிகளில் ஒட்டி அவற்றை அடக்கும். ரத்தக்குழாயைச் சுருக்கும் பரிவு நரம்புகளை முடுக்கிக்கொண்டே இருப்பது இந்த ஆர்.வி.எல்.எம்.தான். அது அடங்கினால் ரத்தக்குழாய் தளரும், அழுத்தம் இறங்கும்.

ஒவ்வொரு அம்புக்கும் பிளஸ், மைனஸ் போடுங்கள். வரிசை பிளஸ், பிளஸ், மைனஸ். ஆர்.வி.எல்.எம்.-இல் காபா ஏற்பியை மருந்தால் அடைத்தால் என்னாகும் என்று கேட்டால், மைனஸை அழித்துவிட்டுப் பாருங்கள்: அழுத்தம் ஏறும். வேகஸ் (10ஆம் கபால நரம்பு) இதயத்துடிப்பைக் குறைக்கும் கிளையை ஓரமாக வரைந்தால் போதும்.

மருந்தியலுக்கும் இதே படம்தான். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தான குளோனிடின் மூளைத்தண்டில் ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டிப் பரிவு நரம்பு ஓட்டத்தைக் குறைக்கிறது. (1960களில் மூக்கடைப்புக்காகச் சோதித்த மருந்து இது!) வாய்மொழித் தேர்வில் கேட்கக்கூடிய ஒன்று: சிரை வழியாக வேகமாகச் செலுத்தினால் முதலில் அழுத்தம் கொஞ்சம் ஏறுவது ஏன்? ரத்தக்குழாயிலேயே இருக்கும் ஆல்ஃபா ஏற்பிகளும் தூண்டப்படுவதால். திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சரி, இவ்வளவு நல்ல அமைப்பு இருந்தும் உயர் ரத்த அழுத்தம் ஏன் நீடிக்கிறது? அழுத்தம் நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால் அந்த உணர்முனைகள் உயர்ந்த அளவையே இயல்பாக எடுத்துக்கொள்கின்றன. அதோடு, ரத்த-மூளைத் தடுப்பு இல்லாத சப்ஃபார்னிக்கல் உறுப்பு என்ற சிறிய மூளைப் பகுதியில் ஆஞ்சியோடென்சின்-2 ஹார்மோன் தன் ஏடி-1 ஏற்பியில் ஒட்டி, தாகத்தையும் பரிவு நரம்பு ஓட்டத்தையும் கூட்டும். உடனடி விளைவு, நீண்டகால விளைவு என்று தனித்தனித் தலைப்பில் எழுதினால் திருத்துபவர் தேட வேண்டியதில்லை.