ஓராண்டு அளந்தாலும் போதாத நீவாடு

நம் கடற்கரையில் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். மேல் நீவாடு ஒரு பக்கம் இழுக்க, கீழே கயிறு வேறு பக்கம் சாய்வது ஆழத்தில் தூண்டில் விடுகிறவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. அந்தக் கயிறு எட்டாத இடத்தில், 1000 மீட்டருக்கும் கீழே, நீர் எப்படி நகர்கிறது? அந்த நகர்வு மாதத்துக்கு மாதம், ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது? அதை அளக்கும் வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இதில் பெரிய சிக்கல் கருவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் கணக்கில் கருவி இரண்டாம் சிக்கல். முதல் சிக்கல் காலம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆழத்தில் ஒரே இடத்தில் நீரின் வேகம் சராசரியைச் சுற்றி வினாடிக்கு 5 செ.மீ. அளவுக்கு ஏறி இறங்குகிறது என்று வையுங்கள். சராசரி வினாடிக்கு 1 செ.மீ. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு 864 மீட்டர், ஓராண்டில் சுமார் 315 கி.மீ. குமரிமுனையிலிருந்து மதுரையைத் தாண்டிப் போகிற தூரம் அது. இந்த 1 செ.மீ.தான் நமக்கு வேண்டும். மணிக்கு ஒரு அளவு எடுத்தால் ஆண்டுக்கு 8,760 அளவுகள் கிடைக்கும், பிழை தேய்ந்துபோகும் என்று தோன்றும். தேயாது. இன்று வடக்கே போகிற நீர் நாளையும் ஏறத்தாழ அப்படியேதான் போகும். 20 நாளுக்கு ஒருமுறைதான் பழசை மறந்து புதிதாக ஒன்று சொல்கிறது என்றால், ஓராண்டில் உருப்படியான அளவுகள் 18 மட்டுமே. 5-ஐ 18-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1.2. அதாவது ஓராண்டு முழுக்கக் கருவி பழுதில்லாமல் ஓடினாலும், சராசரி வடக்கா தெற்கா என்றே உறுதியாகச் சொல்ல முடியாது. பிழையை 0.5 செ.மீ.க்குக் கொண்டுவர 100 அளவுகள், அதாவது 2,000 நாள், ஐந்தரை ஆண்டு ஆகும். எவ்வளவு விலை உயர்ந்த கருவி வாங்கினாலும் இந்த ஐந்தரை ஆண்டு குறையாது.

கடலின் அடி இப்படிக் கொந்தளிக்கும் என்று முன்பு யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆங்கிலேயக் கடலியலாளர் ஜான் ஸ்வாலோ 1955-இல் ஒரு மிதவை செய்தார். கடல்நீரைவிடக் குறைவாக அமுங்கும் அலுமினியக் குழாய் அது. எடையைச் சரியாக வைத்தால் குறிப்பிட்ட ஆழத்தில் நின்று நீரோடு மிதந்து போகும், ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும். 1959–60-இல் ஏரீஸ் என்ற சிறிய பாய்க்கப்பலிலிருந்து பெர்முடாவுக்கு அருகே அவற்றை ஆழத்தில் விட்டார்கள். வினாடிக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும் என்று நினைத்திருந்தார்கள். வினாடிக்கு 10 செ.மீ. அளவில், ஆளுக்கொரு திசையில் ஓடின. மெல்ல ஒரே பக்கம் ஊரும் நீர் என்ற பழைய படம் அதோடு முடிந்தது. அடியில் இருப்பது சுழிகள்.

பாடம் கற்ற பிறகும் சறுக்கல் வந்தது. அட்லாண்டிக்கில் சுமார் 25 பாகை வட அட்சரேகையில் 1957, 1981, 1992, 1998, 2004 என ஐந்து முறை கப்பல் குறுக்கே போய் அளந்தது. அந்த ஐந்தையும் ஒப்பிட்டு, மேலும் கீழுமாகச் சுழலும் பெருநீரோட்டம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2005-இல் ஒரு கட்டுரை வந்தது. ஆனால் 2004-லேயே அதன் அருகே ராபிட் என்ற நிலையான கருவி வரிசை இறங்கியிருந்தது. அதன் முதல் ஆண்டுப் பதிவில் அந்த ஓட்டம் வினாடிக்கு 40 லட்சம் கன மீட்டரிலிருந்து 3.5 கோடி கன மீட்டர் வரை ஆடியிருந்தது! ஐந்து பயணங்களும் கண்ட வித்தியாசம் முழுக்க ஒரே ஆண்டின் ஆட்டத்துக்குள் அடங்கிவிட்டது. கப்பல் எந்த மாதத்தில் போனது என்பதே விடையைப் பெருமளவு தீர்மானித்திருந்தது.

ராபிட் வரிசையில் பெரும்பகுதி வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. கடலின் இரு கரைகளிலும் வெப்பம், உப்பு, அழுத்தம் ஆகியவற்றை அளந்து, அழுத்த வேறுபாட்டிலிருந்து நடுவே ஓடுகிற நீரைக் கணக்கிடுகிறார்கள். சிக்கனமான வழிதான், ஆனால் நம் பக்கம் அதை அப்படியே கொண்டுவர முடியாது. அழுத்தத்தை வேகமாக மாற்றும் அந்தக் கணக்கு பூமியின் சுழற்சி விளைவை நம்பியிருக்கிறது. அந்த விளைவு நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கத் தேய்கிறது. 100 கி.மீ. இடைவெளியில் 1 செ.மீ. நீர்மட்டத்துக்குச் சமமான அழுத்தப் பிழை இருந்தால், ராபிட் இருக்கும் 26.5 பாகையில் வேகப்பிழை வினாடிக்கு 1.5 செ.மீ. குமரிமுனையின் 8 பாகையில் அதே பிழை 4.8 செ.மீ. ஆகிவிடும். தேடுகிற ஆட்டம் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். போதாக்குறைக்கு, அடித்தள அழுத்தக் கருவிகளின் அளவு தானாகவே ஆண்டுக்குச் சில செ.மீ. நகரும். ஆகவே இங்கே நீரின் வேகத்தை அது ஓடுகிற இடத்திலேயே அளக்க வேண்டும். அதற்கு மூரிங் வேண்டும்.

மூரிங் என்பது கடலடியில் ஒரு எடை, மேலே மிதவைகள், நடுவே விறைப்பாக நிற்கும் கம்பியில் கட்டிய கருவிகள். மேல் மிதவை கடல்மட்டத்துக்கு வராது. 150, 200 மீட்டர் கீழேயே நிற்கும். அலையும் கப்பலும் வலையும் அதைத் தொடாமல் இருக்க அதுதான் வழி. எடைக்கு இரும்பு நல்லது. பழைய ரயில் சக்கரங்களை அடுக்கிப் போடுகிறவர்கள் உண்டு. 1,000 கிலோ இரும்பு கடல்நீருக்குள் சுமார் 870 கிலோவாக நிற்கும். அதே 1,000 கிலோ கான்கிரீட் சுமார் 570 கிலோதான். இதைக் கவனிக்காமல் கரையில் நிறுத்த எடையை வைத்துக் கணக்குப் போட்டால், பலத்த நீரோட்டம் வரும் நாளில் மூரிங் சரிவில் நடந்து போய்விடும்.

மிதவைக்கு 17 அங்குலக் கண்ணாடி உருண்டைகள், மஞ்சள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 25 கிலோவைத் தூக்கும். எல்லாவற்றையும் மேலேயே கட்டிவிடுவது மோசமான பழக்கம். கம்பி நடுவே அறுந்தால் கீழே உள்ளது எல்லாம் போச்சு. எடைக்குச் சற்று மேலே, அதைக் கழற்றிவிடும் ரிலீஸ் கருவி இருக்கும். அதற்கு நேர் மேலே தனியாக ஒரு கொத்து வேண்டும். இரண்டு ரிலீஸ் சேர்ந்து நீருக்குள் 60 கிலோ, சங்கிலி 20 கிலோ என்றால் நான்கு உருண்டை மட்டுமட்டாகத் தூக்கும். ஒன்று உடைந்தால் அதுவும் நடக்காது. குறைந்தது ஆறு வையுங்கள்.

ரிலீஸ் என்பது கப்பலிலிருந்து வரும் ஒலிக் குறியீட்டைக் கேட்டுக் கொக்கியைத் திறக்கும் கருவி. இதை எப்போதும் இரண்டாக, பக்கம் பக்கமாக வைப்பார்கள். எது திறந்தாலும் எடை கழன்றுவிட வேண்டும். இறக்குவதற்கு முன் கப்பலின் வின்ச்சில் கட்டி, வேலை செய்யப்போகும் ஆழத்துக்கே கொண்டுபோய்ப் பேசிப் பார்க்க வேண்டும். தளத்தில் நன்றாகப் பதில் சொல்லும் கருவி 2,000 மீட்டரில் ஊமையாகிவிடுவது உண்டு.

மேல் 1,500, 2,000 மீட்டருக்கு வெறும் நார்க்கயிறு கூடாது, மீன் கடிக்கும். சுறாவுக்குத் தூண்டில் போடும்போது முள்ளுக்கு மேலே கம்பி ஏன் வைக்கிறோம் என்று சுறா பிடிக்கப் பேர்போன குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அதே காரணம்தான் இங்கே பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பிக்கும். அதற்குக் கீழே நார்க்கயிறு போடலாம், ஆனால் அது நீளும். இழுவை கொடுத்துத்தான் நீளத்தை அளக்க வேண்டும். மூரிங்குகள் தொலைவதற்கு என்னைக் கேட்டால் பெரிய காரணம் மின்னணுவியல் இல்லை, கம்பியையும் சங்கிலியையும் இணைக்கும் ஷேக்கிள் என்ற இரும்பு வளையம். துருப்பிடிக்காத எஃகையும் துத்தநாகம் பூசிய இரும்பையும் நேராகத் தொடவிட்டால், கடல்நீரில் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகி, இரும்பு கரைந்துபோகும். நடுவே புஷ் என்ற பிளாஸ்டிக் வளையம் வேண்டும். ஆணி கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை வளைக்க மறந்த ஒரு ஷேக்கிள் போதும், மொத்தப் பயணமும் வீண்.

இறக்கும்போது மிதவை முதலில், எடை கடைசியில். கப்பல் ஒன்றிரண்டு நாட் வேகத்தில் காற்றை எதிர்த்து நகர, முழு வரிசையும் பின்னால் நீண்டு மிதக்கும். குறித்த இடத்தைத் தாண்டித்தான் எடையை விட வேண்டும். அது விழும்போது மிதவைகளின் பக்கமாகப் பின்னுக்கு இழுபடும், ஆழத்தின் பத்தில் ஒரு பங்கு வரைகூட. குமரிமுனைக்குத் தெற்கே உள்ள ஆழம் குறைந்த மீன்பிடித் திட்டான வாட்ஜ் பேங்கின் விளிம்பு போன்ற சரிவில் இதற்கு விலை உண்டு. சரிவு 5 பாகை என்றால் 500 மீட்டர் தள்ளி விழுந்த எடை 44 மீட்டர் ஆழ வித்தியாசத்தில் உட்காரும். எல்லாக் கருவிகளின் ஆழமும் அப்படியே மாறிவிடும்.

விழுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது நம் ஊர்க் கணியத்துக்குத் தம்பி முறை. கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, வேறொரு திசையில் இன்னொரு ஜோடியையும் பார்த்து, கடலடிப் பாறைத்திட்டான பாரைக் கண்டுபிடிக்கிறோம் அல்லவா? இங்கே கரை தெரியாது. கப்பல் மூன்று இடங்களுக்குப் போய், ஒவ்வொன்றிலிருந்தும் ரிலீசைக் கூப்பிட்டு, பதில் வர ஆகும் நேரத்திலிருந்து சாய்தூரம் எடுக்கும். மூன்று வட்டமும் வெட்டும் இடத்தில் எடை இருக்கிறது. மூன்று இடங்களும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் எந்தப் பக்கம் என்று தெரியாது.

வேகத்தை அளக்க முன்பு சுழலி வைத்த கருவிகள் இருந்தன. வினாடிக்கு ஒன்றிரண்டு செ.மீ.க்குக் கீழே போனால் சுழலி நின்றுவிடும். பழைய பதிவுகளைப் பார்ப்பவர்கள் வேகங்களின் பரவலை வரைந்து பாருங்கள். மிகக் குறைந்த மதிப்பில் ஒரு குவியல் தெரிந்தால் அது நின்றுபோன சுழலி. இப்போது டாப்ளர். நீரில் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தை அளக்கிறது. ஆழத்தில் நீர் மிகத் தெளிவு, துகள் குறைவு, எதிரொலி பலவீனம். அதனால் ஒவ்வொரு அளவுக்கும் கூடுதலான ஒலித்துடிப்புகளைச் சராசரியாக்க வேண்டும், அதற்கேற்ப பேட்டரி தீரும். ஒரே கருவியிலிருந்து மேல்நோக்கிப் பல நூறு மீட்டரை அளக்கும் டாப்ளர்களும் உண்டு. கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனம் மும்பை, கோவா, கொல்லம், கன்னியாகுமரிக்கு எதிரே கண்டச் சரிவில் வைத்தவை அந்த வகை. அவை பார்ப்பது மேல் அடுக்கை. 2008–2012 பதிவுகளில், கரையோர ஓட்டத்தின் பருவச் சுழற்சி வடக்கே போகப் போக வலுப்பதாகத் தெரிந்தது. அதே நிறுவனம் 2000 முதல் நிலநடுக்கோட்டில் 77, 83, 93 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைகளில் ஆழக்கடல் மூரிங்குகளை நட்டது.

திசைக்குக் காம்பஸ். இதில் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. திருவனந்தபுரம் அருகே தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுக்கக் காரணமான அதே காந்த நிலநடுக்கோடு நம் பக்கத்தில்தான் போகிறது. காந்தப்புலம் கிடைமட்டமாக, வலுவாக இருப்பதால் ஊசி தடுமாறுவதில்லை. ஆனாலும் பேட்டரியைப் போட்ட பிறகே காம்பஸைச் சரிபார்க்க வேண்டும், பேட்டரி உறையின் இரும்பே பல பாகை திருப்பிவிடும்.

இனி எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அளப்பது? மணிக்கு ஒன்று. இதில் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கடலின் ஏற்றவற்றமான ஓதத்தில் முக்கியமானது 12.42 மணிக்கு ஒருமுறை திரும்புகிறது. தினம் ஒரே நேரத்தில் ஒரு அளவு மட்டும் எடுத்தால், அந்த ஓதம் 14.77 நாள் சுழற்சியாக வேடம் போட்டு வரும். உலகில் வேறெங்காவது இருந்தால் இதை எளிதில் கண்டுபிடித்துத் தள்ளிவிடலாம். நம் தெற்கே, நிலநடுக்கோட்டில், நீர் உண்மையிலேயே சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடக்கும் தெற்குமாக ஆடுகிறது. அங்கே நட்ட மூரிங்குகளின் பதிவுகள் காட்டியதே அதுதான். வேடத்தையும் அசலையும் பிரிக்க மணிக்கணக்குப் பதிவு இல்லாமல் வழியில்லை.

இன்னொரு பொறி, பாடநூல்களில் வரும் 40 மணி வடிகட்டி. பதிவிலிருந்து 40 மணிக்கும் குறைந்த காலத்தில் நடக்கும் ஆட்டங்களை நீக்கும் கணக்கு அது. ஓதத்தை நீக்க அதைப் போடுவது வழக்கம். காற்று தள்ளிவிட்ட நீர் பூமிச்சுழற்சியால் வட்டமடிக்கும் ஆட்டமும் அதிலேயே போய்விடும் என்பது நடு அட்சரேகைக்காரர்களின் கணக்கு. அந்த வட்டத்தின் காலம் 30 பாகையில் 24 மணி. 8 பாகையில் 86 மணி, மூன்றரை நாளுக்கும் மேல். 40 மணி வடிகட்டியில் அது சுகமாக நழுவி வந்து, மெதுவான நீரோட்டம் போல உட்கார்ந்துகொள்ளும். இங்கே வடிகட்டியை நான்கைந்து நாளுக்கு நீட்டுங்கள். கூடவே வலஞ்சுழி, இடஞ்சுழி என்று பிரித்து, எந்தக் கால அளவில் எவ்வளவு ஆட்டம் என்று காட்டும் நிறமாலையைப் பாருங்கள். நம் அரைக்கோளத்தில் அந்த ஆட்டம் வலஞ்சுழியில்தான் தெரியும்.

பலத்த ஓட்டத்தில் முழு மூரிங்கும் சாய்ந்து கருவிகள் பல மீட்டர் கீழே போகும். மேலேயும் நடுவிலும் அழுத்தமானி இல்லாவிட்டால், வேறு ஆழத்தின் வேகத்தை இந்த ஆழத்தின் மாற்றம் என்று எழுதிவிடுவோம்.

மீட்பது பகலில். 4,000 மீட்டரிலிருந்து உருண்டைகள் மேலே வர ஒரு மணி நேரம்வரை ஆகலாம், வந்த பிறகு கண்ணால் தேட வேண்டும். ஐந்தரை ஆண்டுத் தொடருக்கு இதை ஐந்தாறு முறை செய்ய வேண்டும். முடிந்தால் பழையதை எடுப்பதற்கு முன்பே புதியதைப் பக்கத்தில் இறக்கி, சில நாள் இரண்டும் சேர்ந்து ஓட விடுவது நல்லது. இரண்டு கருவிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் கூட்டுக்குள் கண்ணாடி உருண்டைகள் கொத்தாக மிதந்து வந்தால், எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. இடத்தின் அட்சம், தீர்க்கம், நாள், நேரம் நான்கையும் குறித்து கடலோரக் காவல் படைக்கோ மீன்வளத் துறைக்கோ சொல்லுங்கள். கூட வரும் உலோகக் குழாயைத் திறக்க வேண்டாம். உள்ளே நீர் கசிந்திருந்தால் ஆழத்தின் அழுத்தம் அப்படியே அடைபட்டிருக்கும், லித்தியம் பேட்டரி என்றால் வாயுவும் சேரும், மூடி பீரங்கிக் குண்டாகப் பாயும். திறக்காமல் வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. கருவியின் கடிகாரம் ஓராண்டில் சில நிமிடம் தவறியிருக்கும். அதை ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் பேட்டரியைக் கழற்றுவார்கள். கழற்றிவிட்டால் கடிகாரம் நின்றுவிடும், எத்தனை நிமிடம் தவறியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.