பலகைத் தரையும் ஸ்கேர்ட்டிங்கும்: பெப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை

இலங்கை மலைநாட்டில் நானுஓயாவுக்குக் கீழே, வெள்ளைக்காரர் காலத்தில் தோட்ட உத்தியோகத்தருக்காகக் கட்டிய வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். முன்னறைக்குப் பலகைத் தரை. கல் கட்டின் மேல் மரச் சட்டங்கள், சட்டங்களின் மேல் பலகை, அடியில் வெற்றிடம். நடந்தால் அலுமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கும். சுவரின் அடியோரம் ஓடும் பலகையான ஸ்கேர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவே மூலைகளில் நகம் நுழையும். சுவரின் நடுப்பகுதியில் சுண்டுவிரலே நுழையும். பெப்ரவரி இரவுகளில் குளிர் முதலில் கணுக்காலைத்தான் பிடிக்கும்.

அந்தப் பெப்ரவரியிலேயே வேலையைத் தொடங்கினேன். மரத்தூளை மரப்பசையில் குழைத்து, ஒரு சனி ஞாயிறு முழுக்க மண்டியிட்டு அடைத்தேன். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு வார்னிஷ் பூசினேன். வந்தவர்களையெல்லாம் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தது. ஜூன் நடுவில் ஒரு சுவரோரம் அடைப்பு முழுவதும் காய்ந்த சேறு போல வெடித்து, துண்டு துண்டாக எழும்பி நின்றது. ஓரிடத்தில் ஸ்கேர்ட்டிங்கே சுவரைவிட்டு நகர்ந்திருந்தது.

கோபம் தணிந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். பலகைகளுக்கு இணையாக ஓடும் இரண்டு சுவர்களில்தான் இந்தச் சேதம். பலகை நுனிகள் முடியும் மற்ற இரண்டு சுவர்களில் மயிரிழை வெடிப்பு மட்டும். மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில் உப்பும்; நீளத்தில் ஏறக்குறைய மாறவே மாறாது. ஒவ்வொரு பலகையும் கொஞ்சம் உப்பினாலும், அறையின் அகலம் முழுவதையும் கூட்டினால் அது சின்ன நகர்வு இல்லை. ஸ்கேர்ட்டிங்கும் மரம்தான்: ஆறு அங்குல உயரமுள்ள பலகை வறட்சியில் சுருங்கும்போது அதன் கீழ் விளிம்பு மேலேறிவிடும். ஆக, இடைவெளி மிக அகலமாக இருந்த மாதத்தில் அதை இறுக்கி அடைத்திருக்கிறேன். மழையில் மரம் உப்புவதற்கு இடமே வைக்கவில்லை.

இடையில் பழைய கம்பளிச் சட்டையைக் கீறித் திணித்தும் பார்த்தேன். இரண்டு இரவுகளில் எலி அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அது இப்போது எங்கேயோ சூடாக இருக்கிறது.

அடுத்தது பீடிங். இடைவெளியை மறைக்கக் கால்வட்டமாக இழைத்த மெல்லிய சட்டம், ஹார்ட்வெயார் கடையில் அடிக்கணக்கில் கிடைக்கும். முதலில் முக்கால் அங்குலத் தடிப்பில் வாங்கி ஏமாந்தேன். எங்கள் தரை நடுவில் தாழ்ந்திருக்கிறது. தடித்த பீடிங் அதற்கு வளைந்து கொடுக்காமல் பாலம் போல நின்றது. அரை அங்குலம் வளைந்து கொடுத்தது. ஒரு சுவருக்கு அடித்து முடித்த பிறகு, பக்கத்து வீட்டுக்கு வேலைக்கு வந்த வயதான தச்சு பாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தம்பி, ஆணியை எதில் அடித்தீர்கள்? ஸ்கேர்ட்டிங்கிலா, தரையிலா?"

"தரையில்தான், மாமா. மேலிருந்து அடிப்பது லேசு."

"அப்படியென்றால் மழை விட்டதும் வந்து பார்க்கிறேன்."

அன்று மாலையே அத்தனையும் கழற்றினேன். தரை நகரும்போது பீடிங்கையும் இழுத்துக்கொண்டு போகும், ஸ்கேர்ட்டிங்குக்கும் அதற்கும் நடுவே புது இடைவெளி திறக்கும் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். இந்த முறை ஒரு அங்குலத் தலையில்லா ஆணிகளைக் கிடைமட்டமாக ஸ்கேர்ட்டிங்கில் மட்டும் அடித்தேன். அடிக்கும்போது பீடிங்குக்கு அடியில் தேயிலைப் பெட்டி அட்டையைச் செருகி, பிறகு உருவிவிட்டேன். அந்த மெல்லிய வெளியில் தரை தன் பாட்டில் போய் வருகிறது. உள்மூலைகளில் 45 பாகையில் வெட்டிய இரண்டு துண்டுகளும் பல்லை இளித்தன. பழைய சுவர் எதுவும் நேர்மூலை இல்லை. ஒரு துண்டைச் சுவர்வரை நேராக ஓடவிட்டு, மற்றதன் நுனியை அதன் வளைவுக்கு ஏற்றபடி குடைந்து பொருத்தியதும் சரியாக உட்கார்ந்தது. பின்பக்கத்துக்கும் வார்னிஷ் பூசிய பிறகே பொருத்தினேன். அந்தப் பக்கத்தைச் சும்மா விட்டால் ஈரம் அங்கே ஏறிச் சட்டம் கோணும்.

குளிர் பொறுக்காமல் வெளிச்சுவரின் அடியிலுள்ள இரும்புக் கிராதிகளை அடைத்துவிடலாம் என்று வீட்டில் யோசனை சொன்னார்கள். ஒன்றை முன்பு யாரோ சிமெந்து வைத்து அடைத்துத்தான் இருந்தார்கள். அதற்கு நேர் மேலே உள்ள பலகைதான் மிருதுவாகிப் போயிருக்கிறது. தரைக்கு அடியில் காற்றோட்டம் நின்றால் ஈரம் தங்கிச் சட்டம் உளுத்துப்போகும். சிமெந்தை உடைத்துத் திறந்துவிட்டேன். காலுக்குக் காலுறை போட்டுக்கொள்கிறோம்.

ஜூலையில் பண்டாரவளை மச்சானோடு தொலைபேசியில் சண்டை. "இப்போதுதான் எங்கள் தரையில் விரிசல் பெரிது" என்றான். மழை கொட்டும் மாதத்தில் மரம் எப்படிச் சுருங்கும் என்று அவனோடு அரை மணி நேரம் வாதாடினேன். அவன் சொன்னது சரிதான். தென்மேல் காற்று மேற்குச் சரிவில் எங்கள் தலையில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி அவன் இருக்கும் ஊவாப் பக்கம் இறங்கும்போது வறண்டுவிடுகிறது. என் நாட்குறிப்பைப் பார்த்து அவன் வேலை செய்திருந்தால் அவன் தரையும் வெடித்திருக்கும்.

இன்று ஆகஸ்ட் 20. மூன்று சுவர்கள் முடிந்தன, பீடிங் எங்கும் பிதுங்கவில்லை. நான்காவதில் கதவுக்குப் பின்னால் ஒன்றரை அடி மட்டும் பாக்கி, சட்டம் தீர்ந்துவிட்டது. அங்கே இப்போதைக்குச் சாக்குத் துண்டு.