பன்னிரண்டு பல்

14 ஜூலை 2024, ஞாயிறு

கண் அறுவை முடிந்து, குனியக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே மேசையின்மேல் மணைப்பலகையை வைத்து, அதன்மேல் பழைய நாட்காட்டி அட்டைகளை அடுக்கி, பேத்தி பழுதுபார்க்கத் தந்த விளையாட்டுக் கருவியை என் முகத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். பொத்தானை அழுத்தினால் இரண்டு இறக்கைகளும் மூன்றில் ஒரு பங்கு எழும்பி நின்றுவிடுகின்றன. உள்ளே மோட்டார் முனகுகிறது. உடனே பேட்டரியைக் கழற்றினேன். சுழல முடியாமல் நிற்கிற மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் அதன் கம்பிச்சுற்று வெந்துபோகும் என்பதை, 31 வருடம் நூற்பாலையில் பிட்டராக இருந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

15 ஜூலை

பேத்தி தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று: “ஓடுதுங்களா, அப்புச்சி?” கண் எப்படி இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள். நானும் அந்த வரிசையிலேயே பதில் சொன்னேன்.

இந்தப் பொருளைப் பற்றி அவள் சொன்னவற்றில் ஒன்று என்னை விட்டுப் போக மறுக்கிறது. 1984-இல் வெளிவந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் ஹெரால்டு ரேமிஸ் ஏற்ற விஞ்ஞானிப் பாத்திரத்தின் கையில் இருக்கும், பேய் நடமாட்டத்தை அளக்கிற பி.கே.இ. மீட்டரின் நகல் இது. அந்த மூலக் கருவியைப் படக்காரர்கள் ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கவில்லையாம். அயோனா நிறுவனத்தார் விற்ற எஸ்.பி.-1 என்னும், கையில் பிடித்துச் செருப்புக்கு மெருகு போடும் மின்கருவியின் உடலை எடுத்து, அதற்கு விளக்கு வைத்த இறக்கைகளைப் பூட்டினார்களாம். போதாக்குறைக்கு 1988-இல் ஜான் கார்பென்டரின் ‘தே லிவ்’ படத்திலும் அதே சாமானை எடுத்து வேறொரு கருவியாகக் காட்டிவிட்டார்கள். செருப்புத் துடைக்கிற கருவி பேய் பிடிக்கப் போயிருக்கிறது. மில்லில் உதிரிப்பாகம் வராத நாட்களில் நாங்கள் செய்த வேலைகளை நினைத்துக்கொண்டு, நெடுநேரம் தனியாகச் சிரித்தேன்.

கையால் செய்து கொடுத்தவன் யார் என்பதை அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இந்த வீட்டில் அது கேட்கப்படுவதில்லை.

17 ஜூலை, ஆடி 1

காற்று. சன்னல்களை எல்லாம் சாத்தியாயிற்று. கண்ணில் தூசி படக் கூடாது, பல்லிடுக்கிலும் படக் கூடாது.

18 ஜூலை

உறையைத் திறந்தேன். ஏழு திருகாணிகள். கழற்றிய வரிசையிலேயே அவற்றை ஒரு சோப்புக்கட்டியில் குத்தி வைத்தேன். கலைந்துபோனால் தேடிப் பொறுக்குகிற கண் இப்போது என்னிடம் இல்லை. அறுவை செய்த வலக்கண்ணில் எல்லாம் நீலம் கலந்த வெள்ளையாக, வெள்ளாவி வைத்த வேட்டிபோல் தெரிகின்றன. இடக்கண்ணிலோ அதே பொருள்கள் வெற்றிலைக் காவி ஏறியதுபோல் தெரிகின்றன. வலக்கண்ணுக்குத் தூரம் தெளிவாக இருக்கிறது, ஆனால் கிட்டத்துக்குக் கண்ணாடி இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் எழுதித் தருவார்கள். இடக்கண்ணுக்கு எதுவுமே தெளிவில்லை.

உள்ளமைப்பு எளியது. ஒரு சிறு கியர் மோட்டார், அதன் வெளித்தண்டில் வெள்ளை நைலான் பினியன், அதாவது சிறு பல்சக்கரம். அந்தப் பினியன் இடது இறக்கையின் அடியில் இருக்கிற விசிறி வடிவப் பல்துண்டைத் திருப்புகிறது. இடது பல்துண்டு தன்னைப் போன்ற வலது பல்துண்டோடு கவ்விக்கொண்டு அதை எதிர்ப்பக்கமாகத் திருப்புகிறது. ஒரே மோட்டாரில் இரண்டு இறக்கையும் ஒன்றாக எழும்ப வேண்டும் என்றால், இதைவிடச் சுருக்கமாக நானும் செய்திருக்க மாட்டேன். பல்துண்டுகள் லேசரில் வெட்டிய அக்ரிலிக். கம்பிகளை மெழுகு நூலால் அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகக் கட்டியிருக்கிறான். பற்றவைப்புகள் ஒவ்வொன்றும் கடுகு அளவில், பளபளவென்று, ஒன்றுபோல் இருக்கின்றன.

உறையின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு பெயரும் தேதியும் எழுதியிருக்கின்றன. லென்ஸ் வைத்துப் படித்துவிட்டேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

20 ஜூலை

கிரீஸ் இறுகியதால்தான் சிக்குகிறது என்று முடிவுகட்டி ஒரு நாளை வீணாக்கினேன். முதலில் பெட்ரோலில் கழுவத்தான் கை போனது, மில் பழக்கம். நல்லவேளையாக அக்ரிலிக் என்பது நினைவுக்கு வந்தது. பெட்ரோலோ ஆல்கஹாலோ பட்டால் அது மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். சோப்புநீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒவ்வொரு பல்லிடுக்காகத் துடைத்து, நிழலில் உலரவைத்து, மீண்டும் பூட்டிப் பார்த்தால், இறக்கைகள் அதே மூன்றில் ஒரு பங்கில் வந்து நின்றன. துடைத்த துணியில் கிரீஸ் என்று சொல்லக்கூடியது அரைச் சிட்டிகைகூட இல்லை. வேண்டிய அளவுதான் தடவியிருக்கிறான். குற்றத்தை அவன்மேல் போட நான்தான் அவசரப்பட்டிருக்கிறேன்.

21 ஜூலை

சொட்டு மருந்தை ஆறு வேளைக்கு நான்கு வேளைதான் விட்டேன் என்று வீட்டில் சண்டை.

23 ஜூலை

இரவெல்லாம் யோசித்ததில் ஒரு வழி பிடிபட்டது. சிக்கல் எப்போதும் ஒரே இடத்தில் வருகிறது என்பதால், அந்த இடத்தில் இருக்கிற அக்ரிலிக் பல் பழுது என்று இதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த இடத்தில் இரண்டு பற்கள் சந்திக்கின்றன, ஒன்று பல்துண்டின் பல், மற்றது பினியனின் பல். ஆகவே பல்துண்டுகளைத் தூக்கிவிட்டு, பினியனை மட்டும் மூன்று பல் தள்ளித் திருப்பி மறுபடி பூட்டினேன். பேட்டரி போடாமல் விரலாலேயே இறக்கையை மெல்ல உயர்த்தினேன். மூன்றில் ஒரு பங்கில் அது நிற்காமல் கடந்து போய், இன்னும் மேலே, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் போய் நின்றது. இடம் மாறிவிட்டது, அப்படியானால் பழுது அக்ரிலிக்கில் இல்லை, பினியனோடு சேர்ந்து நகர்கிறது.

இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் ஒரு சத்தம் கேட்டால், அது எந்தச் சக்கரத்தின் சுற்றோடு சேர்ந்து வருகிறது என்று எண்ணிப் பார்க்காமல் திருப்புளியை எடுக்காதே என்று எத்தனை பையன்களைத் திட்டியிருக்கிறேன்.

24 ஜூலை

கண்ணை மூடிக்கொண்டு, வலது கட்டைவிரல் நகத்தைப் பினியனின் பற்கள்மேல் ஒவ்வொன்றாக இழுத்தேன். டிக், டிக், டிக் என்று சீராக வந்த நகம் ஓரிடத்தில் சற்றுக் கூடுதலாக இறங்கி ஏறியது. மறுசுற்றிலும் அதே இடம். அங்கே பேனா மையால் புள்ளி வைத்து, லென்ஸுக்கு அடியில் கொண்டுவந்து, வெயிலுக்குக் காட்டினேன். இரண்டு பற்களுக்கு நடுவில், வேரிலிருந்து துளைவரை, ஒரு தலைமயிர் அளவுக்குப் பிளந்திருக்கிறது. பிளவு விரிந்ததனால் அந்த இரு பற்களுக்கு நடுவில் மட்டும் இடைவெளி கூடிவிட்டது. எதிர்ப்பல் வந்து உட்கார வேண்டிய நேரத்தில் பள்ளம் தள்ளிப்போய், பல்லின் முதுகில் பல் முட்டி நிற்கிறது.

மொத்தப் பல் எண்ணிக்கைதான் தகராறு. ஒரு முறை 11 வருகிறது, ஒரு முறை 12, மனைவி எண்ணினால் 13. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு புள்ளி வைத்த பல்லிலிருந்து தொடங்கி, பல்லுக்கு ஒரு துவரம்பருப்பை மேசைமேல் எடுத்து வைத்து எண்ணினேன். 12.

26 ஜூலை

வெர்னியரில் அளந்தால் வெளிவிட்டம் 7 மி.மீ. பல்லின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டினால் 14. 7-ஐ 14-ஆல் வகுத்தால், பல்லின் பருமனைச் சொல்லும் மாட்யூல் 0.5. வேர் விட்டம் அப்போது 4.75 மி.மீ. வரும். தண்டுக்கான துளை 3 மி.மீ. ஆக, பல்லின் வேருக்கும் துளைக்கும் நடுவில் பொருள் என்று இருப்பது 0.875 மி.மீ. நகக்கண் கனம்தான். அவ்வளவு மெல்லிய நைலானை இறுக்கமான தண்டில் அடித்து ஏற்றினால், அன்றைக்கு ஏறிவிடும். ஆனால் உள்ளிருந்து விரிக்கிற இறுக்கம் குறையாமல் நின்று, ஒரு நாள் வேரில் பிளக்கும். மற்ற வேலையெல்லாம் பொறுமையாகச் செய்தவன் இந்த ஓர் இடத்தில் மட்டும் அடித்து ஏற்றியிருக்கிறான். என்ன அவசரம் என்று தெரியவில்லை. பென்சிலில் இருக்கும் தேதி பேத்தியின் பிறந்தநாளுக்கு முந்தின நாள்.

27 ஜூலை

கோவை கணபதிப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய உதவியாளனிடம் போனேன். கறுப்புக் கண்ணாடியோடு பேருந்தில் போனதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். அவன் பினியனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, “ஒரு மாட்யூலுக்குக் கீழே கட்டர் நம்மகிட்ட இல்லீங்களே, அண்ணா. இது கடிகார வேலைங்க,” என்றான். பம்ப் செட்டும் கிரைண்டரும் உலகுக்கெல்லாம் அனுப்புகிற ஊரில், பட்டாணி அளவு பல்சக்கரம் வெட்ட ஆளில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தான். பேத்திக்கு வரன் ஏதாவது பார்க்கிறீர்களா என்று கேட்டான். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

29 ஜூலை

இறக்கை முழுதாக எழும்ப ஒன்பது பல் நகர்ந்தால் போதும்; பினியனில் இருப்பதோ பன்னிரண்டு. அதாவது மூன்று பல் வேலையின்றி இருக்கிறது. பிளவை அந்தச் சும்மா இருக்கிற பக்கத்துக்குத் திருப்பிவைத்துப் பூட்டினேன். பேட்டரி போட்டேன். இரண்டு இறக்கைகளும் தடையில்லாமல் ஏறின, இறங்கின. பதினைந்து முறை ஓட்டினேன்.

சரியாகிவிட்டது என்று பேத்தியிடம் சொல்லவில்லை. இது பழுதுபார்த்ததாக ஆகாது, ஒளித்துவைத்ததாகத்தான் ஆகும்.

30 ஜூலை

கருவியைத் தொடவில்லை. நாள் முழுதும் வயநாட்டு நிலச்சரிவுச் செய்தி.

31 ஜூலை

நினைத்தபடியே ஆயிற்று. பிளந்த பினியன் தண்டைப் பிடிக்காமல் வழுக்குகிறது. மோட்டார் சுற்றுகிறது, இறக்கை நிற்கிறது.

1 ஆகஸ்ட்

காந்திபுரத்தில், பொறியியல் மாணவர்களுக்கு உதிரிப்பாகம் விற்கிற கடையில், அரை மாட்யூல், 12 பல், 3 மி.மீ. துளையுள்ள பித்தளைப் பினியன் கிடைத்துவிட்டது. 80 ரூபாய். கடைப்பையன் அளவுகளை நான் சொல்லச் சொல்லக் கணினியில் தட்டி, “எந்த காலேஜுங்க சார்?” என்று கேட்டான்.

புதிய தலைவலி: பித்தளை நைலானைப்போல் வளைந்துகொடுக்காது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் சரியான ப்ளே, அதாவது சிறு இடைவெளி, இருக்க வேண்டும், அதற்கு மோட்டாரைச் சற்றே நகர்த்த வேண்டும். மோட்டார் உட்கார்ந்திருக்கும் பட்டையின்மேல் கறுப்புப் பசை பூசி மூடியிருக்கிறது. அதன் அடியில் நீள்துளையும் திருகாணியும் இருக்கின்றனவா, அல்லது பசை மட்டுமேதானா? சுரண்டிப் பார்த்து, பசை மட்டும் என்று தெரிந்தால் மோட்டார் கையோடு வந்துவிடும். செய்தவனுக்கு மட்டுமே இது தெரியும்.

2 ஆகஸ்ட்

சுரண்டவில்லை.

3 ஆகஸ்ட், ஆடி 18

பேத்தி காலை வண்டியில் வந்தாள். நோம்பிக்கு வேப்பமரத்தில் கட்டிய தூரியில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு மதியம்வரை ஆடினாள். எல்லோரும் உறங்கின நேரத்தில் மேசைக்கு வந்து நின்றாள். பசையைக் காட்டி, இதன் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டுச் சொல் என்றேன். யாரிடம் என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வெகுநேரம் பித்தளைப் பினியனை விரலில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “நீங்களே கேளுங்க, அப்புச்சி,” என்று நாட்காட்டித் தாளின் பின்புறம் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தாள். எனக்குத் தெரியட்டும் என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள்.

5 ஆகஸ்ட்

பேசினேன். பதினொரு நிமிடம். பசைக்கு அடியில் இரண்டு திருகாணிகளும் நீள்துளையும் இருக்கின்றன; ஆடாமல் இருக்கத்தான் பூசினானாம். மோட்டாரை அரை மில்லிமீட்டர்வரை இரு பக்கமும் நகர்த்தலாம். என்னை எப்படி அழைப்பது என்று தெரியாமல், பெயரோ முறையோ எதுவும் சொல்லாமல், ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘ங்க’ என்றே முடித்தான். பினியனை எப்படி ஏற்றினாய் என்று கேட்டேன். சற்று நிறுத்தி, “சுத்தியல்ல அடிச்சுத்தானுங்க,” என்றான். பித்தளை ஓடினால் அக்ரிலிக் தேயுமே என்றேன். “தேஞ்சா வேற வெட்டித் தாரேனுங்க,” என்றான். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

6 ஆகஸ்ட்

தண்டில் ஒரு சொட்டு லாக்டைட் பசை விட்டுப் பினியனை விரலாலேயே ஏற்றி, ஓரிரவு விட்டிருந்தேன். இன்று பசையைச் சூடான கத்தியால் எடுத்தபோது திருகாணிகள் அவன் சொன்ன இடத்திலேயே இருந்தன. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் பேருந்துச் சீட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டைச் செருகி, மோட்டாரை அதன்மேல் அழுந்தத் தள்ளி, திருகாணியை முறுக்கி, சக்கரத்தைத் திருப்பிச் சீட்டை வெளியே எடுத்தேன். சீட்டு கிழியாமல், பல்லின் அச்சு மட்டும் படிந்து, வரிவரியாக வந்தது. இந்த வேலைக்குக் கண் தேவைப்படவில்லை.

ஆனால் பூட்டியபின் இடது இறக்கை தணிந்தும் வலது இறக்கை நிமிர்ந்தும், தோள் இறங்கிய ஆள்போல் நின்றன. பல்துண்டை ஒரு பல் தவறிக் கோத்திருக்கிறேன். முழு வட்டமாக இருந்தால் 40 பல் வரும் சக்கரத்தில் ஒரு பல் என்றால் 9 பாகை. மறுபடி ஏழு திருகாணி.

7 ஆகஸ்ட்

வலக்கண்ணை மூடி, இடக்கண்ணை மூடி, இரண்டையும் திறந்து, மூன்று விதமாகவும் பார்த்துவிட்டேன். இறக்கைகள் சமமாக இருக்கின்றன. பச்சை நிற விளக்குகள் அடியிலிருந்து நுனிவரை ஓடுகின்றன. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இதுக்குத்தானா இத்தனை நாளுங்க?” என்றாள், பிறகு இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள்.

8 ஆகஸ்ட்

நாளை இடக்கண். காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். உறையை மூடுவதற்கு முன், பென்சிலில் அவன் எழுதியிருந்ததற்குக் கீழே, மாற்றிய பினியனின் அளவையும் இன்றைய தேதியையும் எழுதினேன். என் பெயரையும் எழுத வேண்டுமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே பென்சில் முனை உடைந்துவிட்டது. சோப்புக்கட்டியில் ஆறு திருகாணிகள்தான் இருக்கின்றன. ஏழாவதைத் தரையில் தேட என்னால் குனிய முடியாது. பேத்தி தேடிக்கொண்டிருக்கிறாள், தொலைபேசியின் வெளிச்சத்தில்.